போனில் வருமானம் என்றால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி



இந்த இதழின் பாடம் பணத்தைப் பற்றியது. சேமிப்பது, கடன் கொடுப்பது, வசூலிப்பது எல்லாம் நமக்குக் கை வந்த வேலை. பேனா பிடிக்கத் தெரியாமல் குழுவில் சேர்ந்து, இன்று வரவு செலவுப் புத்தகம் எழுதுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நம்மையே ஏமாற்ற ஒரு புது வழி, கையில் இருக்கிற போன் வழியாக வந்திருக்கிறது. பசியாவரத்தில் நம் குழு ஒன்றில் நடந்ததையே பாடமாக எழுதுகிறோம். சம்பந்தப்பட்ட சகோதரியே, "எழுதுங்க, பேரு மட்டும் வேணாம். இன்னொருத்தி மாட்டக் கூடாது" என்று சொன்னார். அவருக்கு நம் நன்றி.

கூட்டத்தில் நடந்தது

ஏரியில் இறால் குறைந்திருந்த மாதம் அது. குழுக் கூட்டத்தில் ஒரு சகோதரி 20,000 ரூபாய் கடன் கேட்டார். மனுவில் காரணம் 'சிறுதொழில்' என்று இருந்தது. ஊக்குநர் அக்கா வழக்கம்போல விசாரித்தார்.

"இன்னா தொழிலும்மா? கருவாடா, நண்டா?"

"இல்லக்கா, போன்ல வேல. வீடியோ அனுப்புவாங்க, லைக் போடணும். ஒரு லைக்குக்கு 50 ரூபா."

"லைக் போட எதுக்கு 20,000?"

"அது பெரிய டாஸ்க்குக்கா. முதல்ல நாம கட்டணும். அப்புறம் சேர்த்து 28,000 தருவாங்க."

"ஏற்கனவே ஏதாவது கட்டியிருக்கியா?"

சகோதரி தலையைக் குனிந்துகொண்டார். பிறகுதான் முழுக் கதையும் வந்தது.

முதல் மூன்று நாளில் ஒன்பது லைக் போட்டார். 450 ரூபாய் நிஜமாகவே வங்கிக் கணக்குக்கு வந்தது. நாலாம் நாள் 1,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். கட்டினார், 1,300 ஆகத் திரும்பி வந்தது. நம்பிக்கை வந்துவிட்டது. அடுத்து 3,000 கட்டினார். போன் திரையில் 4,200 என்று காட்டியது, ஆனால் எடுக்க முடியவில்லை. "இந்த வரிசையை முடிக்க இன்னும் ஒரு டாஸ்க் பாக்கி, 20,000 கட்டினால் எல்லாம் சேர்ந்து வரும்" என்று செய்தி வந்தது. அதற்குத்தான் குழுவில் கடன்.

அதைவிட வேதனை, அவர் தன் அண்ணியையும் சேர்த்துவிட்டிருந்தார். அண்ணி கம்மலை அடகு வைத்து 5,000 கட்டியிருந்தார்.

குழு அன்று ஒரே ஒரு காரியம் செய்தது. "உன் 4,200-ஐ முதல்ல எடுத்துக் காட்டு, அப்புறம் கடனைப் பத்திப் பேசலாம்" என்றது. சகோதரி அங்கேயே உட்கார்ந்து எடுக்கப் பார்த்தார். 'வரி' என்று இன்னொரு 2,000 கேட்டு பதில் வந்தது. தன் பணத்தைத் தானே எடுக்க மறுபடியும் பணம் கட்ட வேண்டுமாம்! அந்த இடத்தில்தான் எல்லோருக்கும் விளங்கியது.

கணக்குப் பார்த்தால் சகோதரிக்கு லாபமாக வந்தது 750 ரூபாய், போனது 3,000. குழு நிதி 20,000 தப்பியது. ஆனால் அண்ணியின் 5,000 போனது போனதுதான்.

அந்த 450 ரூபாய் என்ன?

"ஏமாத்துறவன் காசு கொடுப்பானா?" என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கொடுப்பான். தூண்டிலில் இறாலைக் குத்திப் போடுகிறவர் அந்த இறாலை நஷ்டம் என்று நினைப்பதில்லையே! முதலில் வருகிற 450 நம் கூலி அல்ல, தூண்டில் இரை. சின்னப் பணம் வந்து சேர்ந்தது என்பது நல்ல கம்பெனி என்பதற்குச் சாட்சி ஆகாது. பெரிய பணம் கேட்கப் போகிறார்கள் என்பதற்கு அது முன்னறிவிப்பாகவும் இருக்கலாம்.

இந்த 'பகுதிநேர வேலை' மோசடி நம் ஊரில் மட்டும் இல்லை. 2023 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைப்படி, இப்படி ஏமாற்றி வந்த 100-க்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டன. ஓய்வு பெற்றவர்கள், பெண்கள், வேலை இல்லாத இளைஞர்கள் ஆகியோரையே இவர்கள் குறி வைக்கிறார்கள் என்று அப்போது அரசு அறிவித்தது. பெண்களை ஏன் குறி வைக்கிறார்கள்? வீட்டை விட்டு வெளியே போகாமல் நாலு காசு சம்பாதிக்க வேண்டிய அவசியம் நமக்கு இருக்கிறது. அந்த அவசியம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

முன்பும் நடந்திருக்கிறது

வேஷம் புதிது, ஆட்டம் பழையது. மூன்று சம்பவங்களைப் பார்ப்போம்.

ஒன்று, ஸ்பீக் ஏசியா. 11,000 ரூபாய் கட்டி உறுப்பினர் ஆனால், வாரம் இரண்டு கேள்வித்தாள் வரும். பதில் எழுதினால் ஒன்றுக்கு 500 ரூபாய். இந்தியா முழுவதும் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 2011-இல் மும்பை காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. போட்ட பணம் 2,000 கோடி ரூபாய்க்கும் மேல் என்று விசாரணையில் தெரிந்தது.

இரண்டு, சோஷியல் டிரேட். டில்லிக்கு அருகில் நொய்டாவில் இருந்த கம்பெனி நடத்தியது. 5,750 முதல் 57,500 வரை கட்ட வேண்டும், ஒரு லைக்குக்கு 5 ரூபாய். 2017 பிப்ரவரியில் உத்தரப் பிரதேச சிறப்புக் காவல் படை அதை நடத்தியவரைக் கைது செய்தது. சுமார் 3,700 கோடி ரூபாய் மோசடி என்று காவல்துறை சொன்னது.

மூன்று, நம் தமிழ்நாட்டில் கோயம்புத்தூர். போனில் விளம்பரம் பார்த்தால் தினமும் பணம் என்று மைவி3 ஆட்ஸ் என்ற நிறுவனம் ஆள் சேர்த்தது. சில நூறு ரூபாயில் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேல் வரை கட்டணத் திட்டங்கள் இருந்தன. புகார் வந்து 2024 ஜனவரியில் காவல்துறை வழக்குப் பதிவு செய்தது. அப்போது என்ன நடந்தது தெரியுமா? ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள் நீலாம்பூரில் கூடி, நிறுவனத்துக்கு ஆதரவாக நின்றார்கள். வழக்கின் சரி தப்பை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நமக்கு வேண்டிய பாடம் வேறு. பணம் போட்டவர் 'நல்ல கம்பெனி' என்று சொல்வது அவர் ஆசை. அவர் பணம் உள்ளே இருக்கிறது, அது நின்றுபோகக் கூடாது என்ற பயமும் அந்தப் பேச்சில் இருக்கிறது. ஆகவே 'பத்தாயிரம் பேர் சேர்ந்துட்டாங்க' என்பதைச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

சகோதரிகளே, நமக்குத் தெரிந்த கணக்கே போதும். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

11,000 கட்டுகிறோம். வாரம் இரண்டு தாள், ஒன்றுக்கு 500, ஆக வாரம் 1,000. பதினொரு வாரத்தில் நாம் கட்டியது நமக்கே வந்துவிடும். அதுவரை கம்பெனி நம் பணத்தையே நமக்குத் திருப்பித் தருகிறது. பன்னிரண்டாம் வாரம் தருகிற 1,000 யாருடைய பணம்?

இதுதான் முதல் கேள்வி. பணம் எங்கிருந்து வருகிறது?

மீன் விற்றால் வாங்குகிறவர் கொடுக்கிறார். ஓலைக் கூடை முடைந்தால் கூடை வாங்குகிறவர் கொடுக்கிறார். குழுவில் 10,000 கடனுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி என்றால், கடன் எடுத்த சகோதரி கொடுக்கிற 100 ரூபாய்தான் நமக்கு வருமானம். கொடுக்கிறவர் முகம் நமக்குத் தெரிகிறது. லைக் போடுவதற்கு 50 ரூபாய் கொடுக்கிறவர் முகம் தெரிகிறதா? சரக்கு வாங்கும் எண்ணமே இல்லாமல் காசுக்காகப் பட்டனை அமுக்குகிற ஆளுக்கு எந்த வியாபாரி 50 ரூபாய் கொடுப்பார்? கொடுத்தால் அவர் கடை என்ன ஆகும்?

அப்படியானால் அந்தப் பணம் நமக்குப் பின்னால் சேர்ந்தவருடையது. அதனால்தான் 'ஆள் சேர்த்துவிடு, கமிஷன் உண்டு' என்கிறார்கள்.

இந்தச் சங்கிலி எவ்வளவு தூரம் போகும்? ஒருவர் 5 பேரைச் சேர்க்கிறார், அந்த 5 பேர் ஆளுக்கு 5 பேர் என்று 25 பேர். பிறகு 125, 625, 3,125. இப்படியே போனால் பதிமூன்றாவது படியில் மட்டும் 122 கோடி பேர் சேர வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மொத்த மக்கள்தொகையே 121 கோடி. தொட்டில் குழந்தை வரைக்கும் சேர்த்தாலும் ஆள் பத்தாது! சங்கிலி அறுவது உறுதி. அறும்போது கடைசியில் இருப்பவர்கள் யார்? நாம் கையைப் பிடித்துச் சேர்த்துவிட்ட நம் நாத்தனார், சித்தி, பக்கத்து வீட்டு அக்கா.

நம் ஏரியில் 'பாடு' முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைக்காதவருக்கு வேறொரு நாள் கிடைக்கும். கிடைப்பது ஏரி கொடுக்கிற மீன். கடைசியில் வந்தவர் முதலில் வந்தவருக்குக் கட்டுகிற ஏற்பாடு அதில் கிடையாது. பெரியவர்கள் கண்ட அந்த நியாயத்தோடு இந்தப் புது 'திட்டங்களை' ஒத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

இன்னும் மூன்று வேஷங்கள்

1. 'பணம் அனுப்புகிறேன், ஸ்கேன் பண்ணுங்க' வேஷம்: கருவாடு, ஊறுகாய், ஓலைப் பொருள் என்று நம் சரக்கைப் போனில் படம் போட்டு விற்கிறோம். ஒருவர் கூப்பிட்டு, 'ராணுவத்தில் இருக்கிறேன், கேம்ப்புக்கு மொத்தமாக 10 கிலோ வேண்டும்' என்பார். விலையும் பேச மாட்டார். பணம் அனுப்புவதாகச் சொல்லி ஒரு கியூஆர் படம் அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொல்வார். போட்டால் பணம் நம் கணக்கிலிருந்து போய்விடும். மனப்பாடம் செய்துகொள்வோம்: பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம். பின் நம்பர் போட்டால் அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே. 'பணம் போட்டாச்சு' என்று படம் அனுப்பினாலும், வங்கிக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று நாமே பார்த்த பிறகுதான் சரக்கைக் கட்ட வேண்டும்.

2. 'உங்கள் வியாபாரத்தை வளர்த்துத் தருகிறோம்' வேஷம்: 'உங்கள் பக்கத்துக்கு 10,000 பேரைச் சேர்த்துத் தருகிறோம், 5,000 கட்டுங்கள்' என்பார்கள். பணம் கட்டினால் எண்ணிக்கை ஏறும். ஆனால் அவை பெரும்பாலும் போலிக் கணக்குகள். அவற்றில் ஒன்றுகூடக் கருவாடு வாங்காது. பழவேற்காட்டில் நம்மிடம் நேரில் வாங்கிப் போன பத்துப் பேரின் நம்பர் அந்தப் பத்தாயிரத்தைவிட மேல்.

3. 'கணக்கை வாடகைக்குக் கொடுங்கள்' வேஷம்: இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. 'உங்கள் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, சிம் மூன்றையும் கொடுங்கள், மாதம் இவ்வளவு தருகிறோம்' என்பார்கள். வேறு யாரிடமோ திருடிய பணம் நம் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் தேடி வரும்போது பெயரும் முகவரியும் நம்முடையதாக இருக்கும். நம் கணக்கும் முடக்கப்படும். குழுக் கணக்கையோ, நம் சொந்தக் கணக்கையோ ஒரு நாளுக்குக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது.

நிஜமான வேலை எப்படி இருக்கும்?

போனில் சம்பாதிப்பதே பொய் என்று நாம் சொல்லவில்லை. மீன் குழம்பு சமையலை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுச் சம்பாதிக்கிற பெண்கள் இருக்கிறார்கள். எழுதுகிறவர்களுக்கும் வழி உண்டு. கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பர ஏற்பாட்டில் 2018-இல் தமிழும் சேர்க்கப்பட்டது.

ஆனால் அவற்றின் நடைமுறையைக் கவனியுங்கள். ஆட்சென்ஸில் சேரக் கட்டணம் கிடையாது. வருமானம் 100 டாலர் அளவை எட்டினால்தான் பணம் அனுப்புவார்கள். யூடியூபிலும் சேரப் பணம் கேட்பதில்லை. விளம்பர வருமானத்தில் முழுப் பங்கு வர 1,000 சந்தாதாரர்கள் வேண்டும். அத்தோடு ஒரு வருடத்தில் 4,000 மணி நேரமாவது மக்கள் நம் வீடியோக்களைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறும்படத் துண்டுகள் 90 நாளில் ஒரு கோடி முறை பார்க்கப்பட்டிருக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைப்பு, வருமானம் நிச்சயமில்லை. இன்னொன்று, காசு கொடுத்து ஆளை வைத்து விளம்பரத்தைக் கிளிக் செய்ய வைப்பதைக் கூகுள் தடை செய்திருக்கிறது. அப்படியிருக்க, 'விளம்பரத்தைக் கிளிக் செய்தால் காசு' என்று சொல்பவர் யார் சார்பில் சொல்கிறார்?

ஆக, வேலை என்றால் அவர்கள் நமக்குக் கொடுக்க வேண்டும். நாம் முதலில் கொடுத்தால் அது வேலை இல்லை. பதிவுக் கட்டணம், டெபாசிட், வரி, டாஸ்க் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "வேணாங்க."

சட்டம் என்ன சொல்கிறது?

ஆள் சேர்த்துப் பணம் சுழற்றும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஆளைச் சேர்ப்பதும் குற்றம். 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. முறையான அனுமதி இல்லாமல் டெபாசிட் வாங்குவதை 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தடுக்கிறது. தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப் பிரிவு போலீஸ் இந்தப் புகார்களை விசாரிக்கிறது. 'போன பணத்தை எடுக்க இன்னும் நாலு பேரைச் சேர்ப்போம்' என்று நினைத்தால், ஏமாந்தவர் என்ற நிலையிலிருந்து ஏமாற்றியவர் என்ற நிலைக்குப் போய்விடுவோம்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?

1. உடனே 1930 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். பணம் போன முதல் சில மணி நேரத்தில் சொன்னால், அது கைமாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

2. எந்த வங்கி, எந்தத் தேதி, எவ்வளவு, பரிவர்த்தனை எண் எது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சைபர்கிரைம்.கவ்.இன் என்ற அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு ஊக்குநர் உதவ வேண்டும்.

3. பயந்துபோய் செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி.

4. வங்கிக்குப் போய்ச் சொல்லி, கார்டையும் யூபிஐ வசதியையும் நிறுத்தி வையுங்கள்.

5. 'போன பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்' என்று சிலர் வருவார்கள். அதுவும் இன்னொரு தூண்டில்.

வெட்கம் வேண்டாம்

இந்தப் பாடத்தில் மிக முக்கியமானதாக நாம் நினைப்பது இதுதான். நம் சகோதரி அந்தக் கூட்டத்துக்குப் பிறகு இரண்டு கூட்டங்களுக்கு வரவில்லை. அண்ணி அவரோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். 1930-க்குக் கூப்பிட்டது பத்து நாள் கழித்துத்தான். "ஊரு சிரிக்கும்னு பயந்துட்டேங்கா" என்றார். அந்தப் பத்து நாள் திருடனுக்குத்தான் லாபம். பணம் இதுவரை திரும்பவில்லை.

ஊக்குநரும் இரண்டு உறுப்பினர்களும் வீட்டுக்கே போய் அவரைக் கூட்டி வந்தார்கள். அண்ணியையும் அழைத்து உட்கார வைத்தார்கள். "பணம் புடுங்குனது அவன். நீங்க ஏம்மா ஒருத்திய ஒருத்தி விட்டுக்கொடுக்கிறீங்க?" என்று ஊக்குநர் கேட்டார். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். கம்மல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அதை மீட்க அண்ணிக்குக் குழு சிறுகடன் கொடுத்திருக்கிறது. நாத்தனாரும் தவணையில் பாதி கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏமாந்தவளைத் திட்டினால் அடுத்து ஏமாறுகிறவள் வாயைத் திறக்க மாட்டாள். திட்டாமல் கேட்டுக்கொள்கிற குழுவில்தான் விஷயம் சீக்கிரம் வெளியே வரும்.

குழுவில் போட வேண்டிய தீர்மானம்

உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் படித்துக் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எல்லோரும் கையெழுத்திடுங்கள்:

'போன் வழி வேலை, முதலீடு, ஆள் சேர்ப்புத் திட்டம் எதிலும் பணம் கட்டும் முன் குழுவில் சொல்வோம். அதற்காகக் குழு நிதியிலிருந்து கடன் கொடுக்க மாட்டோம். யாராவது ஏமாந்தால் அன்றே குழுவிடம் சொல்வோம். குழு அவரைக் குறை சொல்லாது, உடன் நின்று புகார் கொடுக்கும்.'

கலந்து பேசுவோம்

1. உங்களுக்கு இந்த மாதம் போனில் வந்த 'வருமானச் செய்தி' எது? அதில் பணம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல முடிகிறதா?

2. நெருங்கிய சொந்தம் வந்து சேரச் சொன்னால், மனம் நோகாமல் எப்படி மறுப்பீர்கள்? இரண்டு பேர் நடித்துக் காட்டுங்கள்.

3. உங்கள் குழுவில் 1930 எண்ணைப் போனில் பதிந்து வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? கூட்டம் முடிவதற்குள் எல்லோரும் பதிந்துகொள்ளுங்கள்.

உங்கள் குழுவின் அனுபவத்தையும் எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் சந்திப்போம்.